தாத்தா வாக்களித்த பக்கம்

எடிசன், நியூ ஜெர்சி
20.7.1997

அன்புள்ள அண்ணா,

வீட்டுக்கு அனுப்பினால் அப்பா பிரித்துவிடுவார். அதனால்தான் இதை உன் ஆபீஸுக்கு அனுப்புகிறேன்.

சுதந்திரப் பொன்விழாவில் தாத்தா படத்தைத் திறக்கிறாய், சரி. வெள்ளைக்காரன் காலத்தில் டெல்லி சட்டசபை உறுப்பினராக இருந்து, அடக்குமுறை மசோதாவை எதிர்த்து வாக்களித்தவர் என்று கல்லில் வெட்டக் கொடுத்துவிட்டாயா? கொடுத்திருந்தால் உடனே நிறுத்து.

விழா மலருக்காக அன்றைய விவாதத்தை நகல் எடுக்கச் சொன்னாயே, நேற்று இங்கே யுனிவர்சிட்டி லைப்ரரிக்கு டிரைவ் பண்ணிப் போனேன். யார் எந்தப் பக்கம் வாக்களித்தார்கள் என்று பெயர் பெயராக அச்சிட்டிருக்கிறது. தாத்தா பெயரும் இருக்கிறது, மசோதாவை ஆதரித்தவர்கள் வரிசையில். மூன்று முறை பார்த்தேன்.

கோபப்படாதே. அந்தப் பக்கத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன்.

அப்பா மேடையில் பேச மறுக்கிறார், வயதாகிவிட்டது, கூச்சம் என்று எழுதியிருந்தாய். இனி வற்புறுத்தாதே. ஐந்து வருஷம் முன்பு இங்கே வந்திருந்தபோது, அந்த விவாதப் புஸ்தகத்தைப் பார்க்கவேண்டும் என்றார் என்று அவரை இதே லைப்ரரியில்தான் இறக்கிவிட்டேன். சாயங்காலம் அழைத்துவரப் போனால், "அந்தப் புஸ்தகம் இங்க இல்லையாமா கண்ணு" என்றார். அதற்குப் பிறகு தாத்தா கதையை அவர் வாயால் நான் கேட்கவில்லை.

நேற்று அந்தப் பக்கத்தில் ஒரு துண்டுத்தாள் இருந்தது. எதை எழுதினாலும் அப்பா முதலில் பிள்ளையார் சுழி போடுவாரே, அதே சாய்ந்த சுழி, அடியில் இரண்டு கோடு. அதற்குக் கீழே அவர் ஒன்றுமே எழுதவில்லை.

இப்படிக்கு,
உன் தங்கை