பதில் வராத ஏழு வாரங்கள்

இன்று காலை லாகரிதம் புத்தகத்தைத் தூசி தட்டும்போது நடுவிலிருந்து ஒரு தாள் விழுந்தது. ஓரத்தில் நீ சிவப்புப் பென்சிலால் போட்ட டிக். தூசித் துணியை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

செங்கல்பட்டு சர்வே ஆபீசில் நாம் நாலு பேர் ஒரே மேசையில் நில அளவைக் கணக்குப் போட்டோம். என் விடை வந்தால்தான் உன் கணக்கு நகரும். கால்மணிக்கு ஒருமுறை சூப்பிரண்டு மணி அடிப்பார். முடிந்ததோ இல்லையோ, தாளை அடுத்தவனிடம் தள்ளிவிட வேண்டும்.

என் பெண் குழந்தை பிறந்த பதினோராம் நாளே இறந்துவிட்டது. அந்த மாதம் எண்கள் கண்ணில் நிற்கவில்லை. மூன்று தரம் அரைகுறைத் தாளைத் தள்ளினேன், உன் கணக்கும் தப்பாயிற்று. இன்னொரு தரம் நடந்தால் வேலை போச்சு என்றார் சூப்பிரண்டு.

நீதான் எழுந்தாய். "சார், ஒரு வாரம் மணிய நிறுத்திப் பாருங்க. முடிச்சவன் டிக் போடட்டும். டிக் இருந்தாதான் அடுத்தவன் தொடுவான். இவன் தாளு வர்ற வரிக்கும் நான் வேற கணக்கு பாத்துகினு இருக்கேன்."

"மணி இல்லாட்டி, ஒருத்தன் மெதுவா போடறானா, மயங்கிக் கெடக்கறானான்னு எப்படிய்யா தெரியும்?" என்று முறைத்தார். முறைத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். சனிக்கிழமை பார்த்தால் வழக்கமான வேலை அத்தனையும் முடிந்திருந்தது, ஒரு தப்பும் இல்லை.

எது சரியான முறை என்று டீக்கடையில் உன்னைக் கேட்டேன். "ரெண்டுலயும் விடை ஒண்ணுதான் மச்சான். அடி யாருக்கு வுழுதுன்றதுதான் வேற. மணின்னா மெதுவா போடறவனுக்கு, டிக்குன்னா காத்துகினு இருக்கறவனுக்கு" என்று சிரித்தாய். மகராசன்யா நீ. என் வீட்டு அடுப்பு எரிந்தது உன்னால்தான்.

நீ உன் ஊர் கோவளத்துக்குத் திரும்பிய பிறகு நமக்குள் கடிதம்தான். "அவசரமில்ல, முடிஞ்சப்போ எழுது" என்பது நம் ஏற்பாடு. என் கடைசிக் கடிதத்துக்கு ஏழு வாரம் பதில் இல்லை. சாவகாசமாக எழுதுவாய் என்றிருந்தேன். எனக்காக அவ்வளவு பொறுத்தவனுக்கு நானும் பொறுக்கிறேன் என்று ஒரு பெருமை வேறு!

பிறகு உன் தம்பியின் கார்டு வந்தது. ஐந்தாம் வாரமே நீ கண்ணை மூடிவிட்டாயாம். ஓடினேன். "படுத்த படுக்கையா இருக்கசொல்ல அண்ணன் ரெண்டு தபா உங்களத்தான் கேட்டுச்சு" என்றான் அவன். ஐயோ, அரை நாள் பயணம்தானே அது! என் நிதானத்தை நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

இப்போதெல்லாம் யாரிடமிருந்தாவது பதில் தாமதமானால் நான் காத்திருப்பதில்லை. பஸ் ஏறிவிடுகிறேன்.