சந்தனத் துளிர்

பெரியவளின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கோயில்காட்டில் நீங்கள் வெட்டிய சந்தனமரத்தின் வேரில் வந்த துளிர் எவ்வளவு உயரம் என்று கேட்டிருக்கிறீர்கள். அது உங்கள் உயரத்துக்கு வளரும்வரை நீங்கள் மலையேறி ஊருக்கு வரக் கூடாது என்பது ஊர்க்கூட்டத்தின் தீர்ப்பு. பாலக்கோட்டில் தக்காளிக் கூடை சுமந்து அலுத்திருக்கும்.

மூன்று வருஷத்தில் உங்கள் தோள்வரை வந்துவிட்டது. "இன்னொரு மழ பேஞ்சா போதும் தாயி, உன் வூட்டுக்காரன் வந்துருவான்" என்றார் ஊர்க்கவுண்டர்.

போலீஸ் முகாமிலிருந்து வந்தபின் என் தம்பி சடையனுக்கு இடது காது கேட்பதில்லை. மரத்தை வெட்டியது அவன்தான் என்று அங்கே போய்ச் சொன்னது யாரென்று ஊருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொன்னால் உங்களுக்கு நாலு அடியோடு முடிந்துவிடும்.

துளிருக்குக் காவல் யார் என்று கூட்டத்தில் கேட்டபோது முதலில் கை தூக்கியவள் நான். முள்வேலி கட்டினேன், கோடையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். "புருஷன் மேல அவளுக்கு உசுரு" என்கிறார்கள்.

நேற்றுக் காலை அந்த வேலியைத் திறந்து நம் வெள்ளாட்டை உள்ளே விட்டேன்.

கவலை வேண்டாம், வேர் பத்திரமாக இருக்கிறது. மறுபடி துளிர்க்கும். உங்கள் தோளைத் தொடும்போது ஆடும் இருக்கும், நானும் இருப்பேன்.

இப்படிக்கு,
துளிரின் காவல்காரி