பெரட்டுக்கு வந்த டிஸ்க்குகள்

செவ்வாய்க்கிழமை, இரவு.

கொழும்புக் கம்பனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மகள் சுகந்தி, இன்று அங்குள்ள சர்வரை இங்கிருந்தே அணைத்து மறுபடி போட்டாள். வேறொரு பெட்டியிலிருந்து அதற்கு வரும் டிஸ்க்குகளின் பெயர்கள் இடம் மாறிவிட்டன. காலி டிஸ்க் என்று நினைத்து, சம்பளக் கணக்கு இருந்ததை அழிக்கப் போய்க் கடைசி நேரத்தில் நிறுத்தினாளாம். அழித்திருந்தால் வேலை போயிருக்கும்.

"ஏம்மா பேரு மாறுது?"

"மொதல்ல எந்திரிக்கிறதுக்கு மொதப் பேருப்பா. நீங்க பெரட்டுல நெரை பிரிக்கிற மாதிரிதான்."

தேயிலைத் தோட்டத்துக் கங்காணி நான். காலையில் ஆட்கள் வேலைக்குக் கூடும் பெரட்டில், யார் எந்த நெரையில், அதாவது எந்தச் செடி வரிசையில், கொழுந்து பறிப்பது என்று நான்தான் பிரித்துக் கொடுப்பேன். முதலில் வருபவருக்கு முதல் நெரை என்பதுதான் என் சட்டம்.

"அப்ப ஆளைப் பாத்துக் குடு," என்றேன், பெரிய இஞ்சினியர் மாதிரி.

"அதத்தாம்ப்பா செய்றேன். கொஞ்சம் பேசாம இருங்க."

ஒவ்வொரு டிஸ்க்கின் சொந்த நம்பரோடும் அதன் பெயரைக் கட்டிவைத்து, மறுபடி அணைத்துப் போட்டாள். இருவரும் திரையைப் பார்த்தோம். எல்லாம் அதனதன் பெயரிலேயே வந்தன. இனி எத்தனை தடவை அணைத்தாலும் மாறாது என்று சொல்லிவிட்டு, நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டாள்.

சர்வர் இருப்பது கொழும்பில். அது எனக்கும் தெரியும். இருந்தாலும் இந்த அறை லைட்டை அணைக்க எனக்குக் கை வரவில்லை.