பல்லவிக்கு முந்தும் கை

கரும்புக்கடை, கோயம்புத்தூர்
நவம்பர் 9

அன்புத் தம்பி ஆசிப்புக்கு, அக்கா ரிஃபானா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அம்மாவும் அத்தாவும் நலம். உன் நலத்தை, நீ அம்மாவிடம் பேசும்போது ஸ்பீக்கரில் கேட்டுக்கொள்கிறேன். நான் போனை வாங்கினால் லைன் கட்டாகிவிடுகிறது. சவூதியில், அதுவும் தம்மாமில், அவ்வளவு மோசமான டவரா? அதனால்தான் உன் முதலாளி ஷேக் பரீத் மாமா ஊருக்கு வந்து திரும்பும்போது, அவரிடம் இந்தக் கடிதத்தையும் ஒரு பென் டிரைவையும் கொடுத்துவிடுகிறேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. உன் டிரம் செட்டைப் போர்வை போட்டு மூடி வைத்திருக்கிறோம். மழை விடாததால் சிம்பல் ஸ்டாண்டில் மட்டும் அத்தாவின் பனியன் காய்கிறது, கோபப்படாதே.

விஷயத்துக்கு வருகிறேன். பொள்ளாச்சி பாலுசாமி அண்ணன் தன் ஆல்பத்தின் முதல் பாட்டுக்கு இசை சேர்க்கும் வேலையை எனக்குக் கொடுத்தார். நீ போன பிறகு டிரம்ஸ் முழுக்க நான் கம்ப்யூட்டரில்தான் போடுகிறேன். ஒரு அடிகூட விலகாமல், திரையில் தெரியும் தாளக் கோட்டின் மேலேயே உட்கார வைத்து அனுப்பினேன். அவர் கேட்டுவிட்டு, "ஏனுங்க அம்மணி, எல்லாஞ் செரியாத்தானுங்க இருக்குது, ஆனா ஆளில்லாத ஊடு மாதிரி இருக்குதுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

அடிகளைக் கொஞ்சம் அங்குமிங்கும் கலைத்துவிட சாஃப்ட்வேரில் ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கினேன். அறுந்த செருப்போடு ஒருவன் மாடிப்படி இறங்குவது போல இருந்தது. மனிதர் வாசிப்பது என்றால் கண்டபடி தவறுவது என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல!

பிறகு காந்திபுரம் ஸ்டுடியோவில் நீ கடைசியாக வாசித்த ரிகர்சல் பதிவை எடுத்து, திரையில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உன் ஸ்னேர் டிரம் அடி கோட்டுக்கு ஒரு மயிரிழை பின்னால் விழுகிறது. ஒவ்வொரு முறையும் அதே அளவு. ஹை-ஹாட் தட்டில் ஒரு அடி அழுத்தம், அடுத்தது மெது. பல்லவிக்குத் திரும்பும் முன்னால் மட்டும் உன் கை முந்துகிறது. அதுவும் தவறாமல்.

அந்த முந்தலுக்காகத்தான் அன்று, ஹெட்போனில் தாளம் எண்ணும் கிளிக்கைக் கேட்டு வாசிக்கத் தெரியாவிட்டால் எழுந்து போ என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். நீ எழுந்து போனாய். இரண்டே மாதத்தில் மாமா கடை வேலைக்கென்று விமானமும் ஏறிவிட்டாய். இப்போது அதே முந்தலை நானே மவுஸால் அடி அடியாக இழுத்து வைத்திருக்கிறேன். நாலு நாள் ஆனது. முடித்துக் கேட்டபோது நீ பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பது போலவே இருந்தது. அழுதுவிட்டேன். தப்பாகக் கேட்டது நான்தான் ஆசிப். நீ சரியாகத்தான் வாசித்தாய்.

யாருங்க வாசிச்சது என்று பாலுசாமி அண்ணன் கேட்டார். கம்ப்யூட்டரில் கோத்தது நான், கை என் தம்பியுடையது என்றேன். உன் பேரையே போடச் சொன்னேன். அடுத்த பாட்டுக்கு ஜனவரியில் நேரில் வந்து வாசிக்க வேண்டுமாம். வருவான் என்று அதையும் சொல்லிவிட்டேன். உன் அக்காவுக்கு வாய் நீளம், உனக்குத் தெரியாததா?

ஆனால் உன் வாசிப்பை உன்னைக் கேட்காமல் எடுத்துவிட்டேன். பாட்டு இருபதாம் தேதி வெளிவருகிறது. வேண்டாம் என்று நீ சொன்னால், பேரை மட்டும் நீக்கிவிட்டு வாசிப்பை வைத்துக்கொள்ள மாட்டேன். அத்தனை அடியையும் பழையபடி கோட்டுக்கே இழுத்துவிடுவேன். அதற்குப் பிறகு அண்ணன் வேறு ஆளைத் தேடிக்கொள்ளட்டும்.

பாட்டு பென் டிரைவில் இருக்கிறது, ஹெட்போன் போட்டுக் கேள். கேட்டுவிட்டு இருபதுக்குள் என்னைக் கூப்பிடு. அம்மாவை வேண்டாம், என்னைக் கூப்பிடு. திட்டுவதானால் முழுசாகத் திட்டு. நீ முடிக்கும் வரை குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

அல்லாஹ் உன் இரண்டு கைகளையும் காப்பானாக.

உன்னை எழுந்து போகச் சொன்ன,
வரச் சொல்லிக் கேட்கும்,
அக்கா ரிஃபானா