சுவருக்குள் மாமன் சீர்

தென்காசி
10-2-1979

அன்புத் தம்பி குற்றாலநாதனுக்கு,

இங்கே நாங்கள் சுகம். அங்கே என் மகள் சுகமாக இல்லை, அதனால் மற்றதை விசாரிக்க மனசில்லை. கனடாவில் உலகம்மை குடியிருக்கும் வீட்டுக்குத் தாய்மாமன் சீராக, சுவரெல்லாம் துளை போட்டு குளிர் தடுக்கும் உன் கம்பெனி நுரையை அடைத்துக் கொடுத்தாயாம். குளிர் நின்றதாம். அன்றிலிருந்து அவளுக்குக் கண் எரிகிறது, இருமல் ஓயவில்லை. கேட்டால் மசக்கை என்கிறாயாமே. மூன்று பெண் பெற்றவள் நான். கண்ணை எரிக்கிற மசக்கையைப் பார்த்ததில்லை. முதலில் சன்னலைத் திறந்து வைக்கச் சொல்.

உன் அக்கா,
ஆவுடையம்மாள்

ஒட்டாவா
4-3-1979

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கையைச் சுட்டது. தென்காசியில் இருந்துகொண்டு சன்னலைத் திற என்று எழுதுவது சுலபம். இங்கே வாசலில் தண்ணீர் கொட்டினால் உறைந்துவிடும். நுரை அடிக்காத வீட்டில், வீட்டைச் சூடாக்க எண்ணெய் எரித்தே சம்பளம் தீரும். அதனால்தான் சர்க்காரே மானியம் கொடுக்கிறது. காய்ந்ததும் வாடை போய்விடும். உலகம்மைக்கு நான் கெடுதல் செய்வேனா? ஒன்று மட்டும், இருமல் விஷயத்தை அவள் அக்கம்பக்கத்தில் சொல்ல வேண்டாம். அந்தத் தெருவில் நுரை அடிக்க இன்னும் சில வீடுகள் பேசி வைத்திருக்கிறேன்.

தம்பி,
குற்றாலநாதன்

தென்காசி
22-7-1979

தம்பிக்கு,

உலகம்மை பிரசவத்துக்கு வந்துவிட்டாள். குற்றாலத்தில் சாரல் கட்டி, இங்கேயும் ராப்பகலாகச் சன்னல் திறந்தே கிடக்கிறது. அவளுக்கு ஒரு இருமல் இல்லை. அங்கே நீ வரும்போதெல்லாம் சன்னலைச் சாத்திவிடுவாளாம். "மாமா ஆசையாச் செஞ்சு தந்தது, அவுக முன்னால தெறந்து வச்சா மனசு நோகும்லா" என்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் அவளையே அறைந்திருப்பேன்.

அந்த நுரையைத் தோண்டி எடுக்கிறவரை தாயையும் பிள்ளையையும் அனுப்ப மாட்டேன். மாப்பிள்ளை தனியாகப் பொங்கித் தின்னட்டும். பிள்ளைக்குச் சொந்தத் தாய்மாமன் இல்லை, காது குத்த உன் மடிதான் உண்டு. யோசித்துக்கொள்.

ஆவுடையம்மாள்

ஒட்டாவா
15-1-1981

அன்புள்ள அக்காவுக்கு,

போன மாதம் சர்க்கார் அந்த நுரையைத் தடை செய்துவிட்டது. கம்பெனியை மூடிவிட்டார்கள். மானியம் கொடுத்தவர்களே இன்று விஷக்காற்று என்கிறார்கள். நானும் ஏமாந்தவன்தான் அக்கா. யாருக்குத் தெரியும்? உன்னோடு மல்லுக்கு நின்றதை மன்னித்துவிடு. மாசியில் ஊருக்கு வருகிறேன். பேரன் காதுகுத்தை அப்போது வைத்துக்கொள். மடி காத்திருக்கிறது என்று உலகம்மையிடம் சொல்.

உன் தம்பி,
குற்றாலநாதன்

தென்காசி
8-2-1981

குற்றாலநாதனுக்கு,

உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். 'யாருக்குத் தெரியும்' என்ற இடத்தில் உலகம்மை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். விடாமல் கேட்டேன். இரண்டு வருஷமாக விழுங்கி வைத்திருந்ததைச் சொன்னாள். நுரை அடித்த அன்று உன் பெண்டாட்டி பாலாம்பாள் அவளிடம் சொன்னாளாம்: "எனக்கு மூச்சிளைப்பு உண்டுல்லா. அந்த வாடை ஆகாதுன்னு உங்க மாமா எங்க வீட்டுல மட்டும் அடிக்க விடல."

அப்படியானால் உனக்குத் தெரியும். பெண்டாட்டி மூச்சுக்குப் பயந்தவன், வயிற்றுப்பிள்ளைக்காரியின் சுவரில் அதை அடைத்து, சீர் என்று பெயரும் வைத்தாய்.

நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை இலஞ்சிக் கோயிலில் காதுகுத்து முடிந்தது. எதற்கும் ஆகாதவன் என்று நீ கேலி செய்வாயே, நம் பெரியப்பா மகன் பிச்சுமணி, அவன் மடியில் உட்கார்த்தினோம். பிள்ளை அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதான்.

மாப்பிள்ளை வேறு வீடு பார்த்துவிட்டார். பங்குனியில் உலகம்மை புறப்படுகிறாள். அந்த ஊரில் அவளுக்கு மாமன் இல்லை என்று சொல்லித்தான் அனுப்புகிறேன்.

ஆவுடையம்மாள்