மாமா கையிலிருந்து சாவியைப் பிடுங்கிய மதியம்

என் உயிரான அக்காவுக்கு,

உன்னிடம் சொல்லாமல் இதை வேறு யாரிடம் சொல்வேன்? போன மாதம் மாமாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. பாலக்காட்டு மழையில் நனைந்து திரும்பியவர், சில நாளாகவே இருமிக்கொண்டிருந்தார். நீ கண்ணை மூடிய பிறகு, உடம்புக்கு முடியவில்லை என்று அவர் யாரிடம்தான் வாய் திறக்கிறார்?

அன்று மதியம் என் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். லாரி தெருமுனையில் நின்றது. ஒட்டன்சத்திரம் போய்க் காய்கறி ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குக் கிளம்ப வேண்டும். நான் சோறு போடும்போதே சட்டைப் பையிலிருந்து சிரப் பாட்டிலை எடுத்து அப்படியே வாயில் கவிழ்த்தார்.

"என்ன மாமா, தண்ணி மாதிரி குடிக்கிறீங்க? எம்புட்டுக் குடிக்கணும்னு கேட்டீங்களா?"

"சளி மருந்துதானத்தா. டாக்டர் சீட்டு இல்லாமலே குடுக்குறாங்க. என்ன பண்ணிறப் போகுது?"

கூடவே ஒரு ஜலதோஷ மாத்திரையையும் விழுங்கினார். காலையிலிருந்தே இரண்டையும் சேர்த்துத்தான் எடுக்கிறாராம். ரசத்துக்குச் சோற்றைப் பிசைந்த கை பாதியில் நின்றது. தலை மெதுவாகச் சரிந்தது.

"மாமா!"

திடுக்கிட்டு நிமிர்ந்தார். "ஒண்ணுமில்ல. கொஞ்சம் அசதி."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாட்டிலைப் பார்த்தேன். பொடி எழுத்தில் இருந்தது: தூக்கம் வரும், வண்டி ஓட்டக் கூடாது. அதற்குள் அவர் கை கழுவிவிட்டுச் சாவியை எடுத்துவிட்டார். நான் வாசலை மறித்து நின்றேன்.

"வழிய விடு வசந்தி. லோடு காத்துக் கெடக்கு."

"விட மாட்டேன் மாமா. உக்காந்த எடத்துலயே தூங்கி விழுகுறீங்க."

"மீச மொளைச்ச நாள்லருந்து ஓட்டுறேன். எனக்குத் தெரியாதா?"

அவர் குரல் உயர்ந்தது. உனக்குத் தெரியுமே, நான் ஒருநாளும் அவரை எதிர்த்துப் பேசியதில்லை. சட்டென்று சாவியைப் பிடுங்கி ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

லாரி முதலாளிக்கு நானே போன் போட்டு வேறு டிரைவரை அனுப்பச் சொன்னேன். அவர் கத்தியதை உனக்கு எழுத முடியாது.

ஆட்டோவில் மாமாவை ஏற்றிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரம்மா பாட்டிலையும் மாத்திரை அட்டையையும் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"இந்தச் சிரப்புல சளிய இளக்குற மருந்தோட, தூக்கம் வர்ற மருந்தும் சேந்துருக்குங்க. அந்த மாத்திரைலயும் அதேதான் இருக்கு. ரெண்டையும் போட்டா எப்படி வண்டி ஓட்டுவாரு? பிரஷர் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப மாத்திரைல மூக்கடைப்புக்குச் சேத்திருக்குற மருந்தும் ஆகாது. பிரஷர ஏத்தி விட்டுரும்."

"சளிய மட்டும் இளக்குறதா ஒண்ணு குடுங்க" என்றேன். அப்படி ஒரு சிரப் இருக்கிறது, பாட்டிலோடு வரும் சின்ன மூடியில் அளந்து குடித்து, நிறையத் தண்ணீர் குடித்தால் சளி இளகி வெளியே வரும் என்றார். ஆனால் அதை எடுத்துத் தரவில்லை. மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காய்ச்சல் அடிக்குதா? சும்மா நிக்கையிலயே இப்படி மூச்சு வாங்குதே. இதுக்குச் சிரப் பத்தாதும்மா. இப்பவே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க."

ஆஸ்பத்திரியில் நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை மாமாவின் கையைப் பிடித்திருந்தேன். அனலாகக் கொதித்தது. உன் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வேன்? வலது நுரையீரலில் நிமோனியா ஆரம்பித்திருக்கிறது என்றார் டாக்டர். இதோடு பழனி தாண்டி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் மூடியிருந்தால்? அதற்கு மேல் என்னால் நினைக்க முடியவில்லை அக்கா. நீ அங்கிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாயா?

சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இப்போது தேறிவிட்டார். டாக்டர் சரி என்ற பிறகுதான் சாவியைக் கொடுத்தேன். நேற்றுதான் மறுபடி லோடு ஏற்றிப் போனார்.

நீ இருந்தவரை, எந்த ஊர் போய்ச் சேர்ந்தாலும் முதலில் உனக்குத்தான் போன் பண்ணுவார். நீ போன பிறகு அவர் யாருக்கும் பண்ணியதில்லை. இன்று காலை நான் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது.

"வந்து சேந்துட்டேன்த்தா."

அம்புட்டுத்தான். வைத்துவிட்டார். நான் கோல மாவோடு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இனி அந்தப் போனை நான் எடுப்பேன் அக்கா. ஒருநாளும் தவற விட மாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
வசந்தி