பந்தலுக்குத் திறவாத பொது இடம்

என் வடக்கு வீட்டு அக்கா, அன்பு மாறாத ராஜாம்பாள் அவர்களுக்கு,

நீங்கள் போய் நாற்பது நாளாகிறது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். நானாகப் படித்துச் சேர்த்த தமிழில் ஊருக்காக எத்தனையோ மனுக்கள் எழுதியிருக்கிறேன். உங்களுக்கு ஒரு வரி எழுத இத்தனை நாள் ஆயிற்று. "ஏன்டி கலெக்டரம்மா, உன் தமிழு முள்ளுக்கம்பியவிடக் குத்துதேடி" என்பீர்களே, அந்தக் கேலி இல்லாமல் எழுதுவது கடினமாக இருக்கிறது.

நம் நகரில் பூங்காவுக்கென்று விட்ட இடத்துக்கு வேலி போட்டது தவறன்று. இன்றும் அவ்வாறே எண்ணுகிறேன். மேற்கே மனை வாங்கியவர் எல்லைக்கல்லைப் பிடுங்கி நட்டு, ஆண்டுக்கு ஓரடியாக உள்ளே வந்துகொண்டிருந்தார். நாம் குடியிருப்போர் சங்கம் அமைத்ததே அதைத் தடுக்கத்தான். கல்லுக்கால் நட்ட அன்று அளவுக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றவர் நீங்கள். வேலிக்குப் போட்ட இரும்புக் கேட்டின் சாவி, செயலாளர் என்ற முறையில் என்னிடம் வந்தது.

அடுத்த அறுவடையிலேயே வம்பு வந்தது. பாடாலூர்ப் பக்கத்து உங்கள் நிலத்தில் விளைந்த சின்ன வெங்காயத்தை விலை ஏறும்வரை காக்க, அந்த இடத்தின் மூலையில் ஓலை வேய்ந்து பட்டறை போட்டீர்கள். "சும்மா கெடக்கற எடந்தானடி, காத்து நல்லா அடிக்குது" என்றீர்கள். ஒருவரை விட்டால் எல்லாரும் வருவார்கள் என்று சங்கம் கொதித்தது.

தீர்மானத்தை எழுதியவள் நான். பட்டறை கூடாது என்று மட்டும் எழுதியிருக்கலாம். அந்த வாக்கியம் மொட்டையாக நின்றது. ஓசை நிறையட்டும் என்று, "பட்டறையோ, பந்தலோ, கொட்டகையோ எவரும் எக்காரணத்தாலும் அமைத்தலாகாது" என எழுதினேன். வாசித்து முடித்ததும் கைதட்டினார்கள். மறுநாளே நீங்கள் பட்டறையைப் பிரித்தீர்கள். அதன்பின் என்னோடு பேசவில்லை. பந்தல் என்ற சொல்லை எழுதும்போது ஒரு சாவு வீடு ஏன் என் நினைவுக்கு வரவில்லை, அக்கா?

வைகாசி மாதக் காலையில் உங்கள் வீட்டு அழுகை கேட்டு ஓடி வந்தேன். உங்கள் காலைத் தொட்டபடி உட்கார்ந்திருந்தபோது உங்கள் மகன் முருகேசன் குனிந்து கேட்டான்: "சித்தி, தெரு பத்தாது. தங்கச்சி ஜெயங்கொண்டத்துலேருந்து வரணும், மதியமாயிடும். கேட்டைத் தொறந்து வுடுங்க, உள்ள பந்தல் போட்டுக்கறோம்."

பக்கத்தில் நின்ற சங்கத் தலைவர் என் காதோரம் சொன்னார்: "இன்னிக்கு சாவுன்னு தொறந்தா, நாளைக்குக் காதுகுத்துன்னு வந்து நிப்பாங்க. எழுதுனதே நீங்கதானம்மா."

சாவிக்கொத்து என் இடுப்பில் இருந்தது. "சாவிய எங்க வச்சேன்னு தெரியலப்பா, தேடிப் பாக்கறேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். என் எழுத்து பொய்க்கக் கூடாது என்பதற்காக என் நாக்கைப் பொய்யாக்கினேன்.

பந்தல் தெருவில் எழுந்தது. தண்ணீர் டிராக்டர் வந்தபோது, அதற்கு வழிவிட உங்கள் தலைமாட்டில் நின்ற பந்தல் காலைப் பிடுங்கினார்கள். அது போனதும் நட்டார்கள். திரும்பி வந்தபோது மீண்டும் பிடுங்கினார்கள். இரண்டு முறையும் உங்கள் முகத்தில் வெயில் விழுந்தது. மாரடித்து ஓய்ந்த பெண்கள் கொளுத்தும் வெயிலில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பூலாம்பாடியிலிருந்து வந்த உங்கள் நாத்தனார் எல்லாரும் கேட்கவே சொன்னார்: "உள்ள ஒரு வெள்ளாடுகூட மேயல. யாருக்குடி பூட்டி வச்சிருக்கீங்க?"

கருமாதியன்று முருகேசனைத் தனியே அழைத்து உண்மையைச் சொன்னேன். அவன் கையிலிருந்த இலைக்கட்டைக் கீழே வைக்கக்கூட இல்லை. "தெரியும் சித்தி. நீங்க எந்திரிச்சப்பவே சாவிக்கொத்து சத்தம் கேட்டுச்சு. சாப்ட்டுட்டுப் போங்க" என்றான். அவன் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். நீங்கள் இருந்திருந்தால் ஏசியிருப்பீர்கள்தானே?

வருகிற ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு கூடுகிறது. திருத்தம் ஒன்று எழுதியிருக்கிறேன்: "இந்நகரில் எவர் வீட்டில் சாவு நேர்ந்தாலும் பொது இடம் உடனே திறக்கப்படும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை." இவ்வளவுதான். அலங்காரம் எதுவும் சேர்க்கவில்லை. பாதிப் பேர் எதிர்ப்பார்கள் என்று தலைவர் இப்போதே சொல்லிவிட்டார்.

அக்கா, உங்களுக்கு வாக்களிக்கிறேன். அன்று சாவி என் இடுப்பில்தான் இருந்தது என்பதைச் சபையில் முதலில் சொல்வேன். அதன் பின்னரே திருத்தத்தை வாசிப்பேன். தோற்றால் அடுத்த கூட்டத்திலும் வாசிப்பேன். அதுவரை நம் தெருவில் எந்த வீட்டில் அழுகை கேட்டாலும், அந்த வீட்டுக்கு ஓடுமுன் கேட்டைத் திறந்துவிட்டுத்தான் ஓடுவேன்.

பேசாதிருந்த நாள்களிலும் உங்கள் தங்கையாகவே இருந்த
தெற்கு வீட்டுச் சரோஜா